மட்டம் போட்ட மட்டக்குதிரை

முப்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மேல்விஷாரத்தில் நயீம் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில், பத்துப் பேர் முன்னிலையில் ஆபேல் ஒரு சபதம் செய்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகத்தான் செய்தார்.

"அறுபது நாள் குடுங்க சாயபு. இந்தக் குதிரைய நான் தகப்பனாக்கிக் காட்றேன். ஆக்கலன்னா, அன்னியிலேர்ந்து என்னை யாரும் டாக்டர்னு கூப்பிட வேணாம்."

"தகப்பனாவறதுக்கு பதினோரு மாசமாவுமே, டாக்டர் சாப்?" என்றார் நயீம் அகமது.

"அதுக்கு உண்டான ஏற்பாடு அறுபது நாள்ல முடிஞ்சிரும்னு சொல்றேன்."

உண்மையில் ஆபேல் டாக்டரே இல்லை. ஆற்காடு மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் நாலு நாள் கிராமங்களுக்குப் போய்விடுவார். அந்த நாலு நாளும் நாற்காலி சும்மா இருக்கும். சும்மா இருக்கும் நாற்காலியைப் பார்த்தால் ஆபேலுக்கு மனசு பொறுக்காது. போதாக்குறைக்கு, சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப் போன காக்கிக் கோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஆறு பித்தளைப் பொத்தான். கையில் ஒரு பிரம்பு. பார்த்தவர்கள் டாக்டர் என்றார்கள். ஆபேல் திருத்தவில்லை. பதினொரு வருஷமாகத் திருத்தவில்லை.

குதிரையின் பெயர் ருஸ்தம். பயில்வான் பெயர். உயரம் என்னவோ ஆபேலின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அரக்கோணத்தில் ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடித்துப் போய்க் கூடாரத்தைப் பிரித்தபோது சாயபு ஆசைப்பட்டு வாங்கி வந்த குள்ளக் குதிரை. பிடரி மயிர் கண்ணை மறைக்கும். நாலு கால் வைத்த தலையணை மாதிரி இருக்கும். இதே மாதிரி ஒரு பத்து உருப்படி ஷாப்பு வாசலில் ஓட வேண்டும் என்பது சாயபுவின் கனவு. அதற்காகத் திமிரியிலிருந்து குலாபி என்று ஒரு பெட்டையையும் கொண்டுவந்து சேர்த்தார். நாட்டு மட்டக்குதிரை, ருஸ்தமைவிட ஒரு சாண் உயரம். நாலு மாதம் ஒரே கொட்டகையில் கட்டிப் போட்டும் ருஸ்தம் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஆபேல் வந்து பார்த்து, ருஸ்தமின் வாயைத் திறந்தார், காதை மடக்கினார், வாலைத் தூக்கினார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"வாசனை, சாயபு. இந்த ஆவாரம்பட்டைத் தொட்டி, ஊறப் போட்ட தோலு... இந்த நாத்தத்துல யாருக்குத்தான் ஆசை வரும்?"

அங்கே நின்றிருந்த பத்து வேலைக்காரர்களுக்கும் சேர்த்து அறுபத்து மூன்று பிள்ளைகள்.

"நல்ல காத்து வேணும். ரெண்டையும் என் வீட்டுக்கு அனுப்புங்க" என்றார் ஆபேல். சபதம் செய்தது அதற்கு அடுத்த நிமிஷம்.

வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் ஜெபகனி.

ஜெபகனி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டு. ஆற்காட்டிலும் விஷாரத்திலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதல் அழுகை அழுதவர்கள். அன்று டூட்டி முடிந்து வந்தவள், கொல்லையில் இரண்டு குதிரைகளைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"குதிரை."

"அது தெரியுது. எதுக்கு?"

ஆபேல் தொண்டையைச் செருமினார். சபதம் எடுத்த வாய்தான். வீட்டுக்குள் வந்ததும் அது சொல் தேடிக் கஷ்டப்பட்டது.

"சாயபுவுது. உடம்பு சரியில்ல. ரெஸ்ட்டுக்கு வந்திருக்கு."

"இன்னா உடம்பு?"

"ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

"அசதி."

"ரெண்டுக்குமா?"

"ஒண்ணுக்கு அசதி. இன்னொண்ணு... தொணைக்கு."

ஜெபகனி குலாபியைச் சுற்றி ஒரு நடை வந்தாள். ருஸ்தமைச் சுற்றி ஒரு நடை வந்தாள். "சேத்து வைக்கணுமா?" என்றாள்.

ஆபேலுக்குக் காது சிவந்துவிட்டது. "சே! ஜெபா! கோயிலுக்குப் போற பொம்பள பேசற பேச்சா இது? ஆம்பளைங்க சமாச்சாரம். நீ உள்ள போ."

"பதினாலு வருஷமா பிரசவ வார்டுல நான் இன்னா கொழுக்கட்டையா புடிச்சிட்டிருக்கேன்?"

"அது மனுசங்க."

"முடிவு ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு ஜெபகனி கை கழுவப் போனாள்.

அவளுக்கு ஏற்கெனவே அவர்மேல் ஒரு குறை இருந்தது. ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்யும் பெண்களுக்காக நயீம் அகமது குடும்பம் ஒரு பிரசவ விடுதி திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பெரிய நர்ஸாக ஜெபகனி வர வேண்டும் என்று சாயபுவின் மனைவி ஹலீமா பீயே நேரில் கேட்டார். ஜெபகனிக்குக் கொள்ளை ஆசை. கலியாணமான நர்ஸ் ஊர் மாறுவதென்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும் என்றது மிஷன். ஆபேல் மூன்று தடவை மாட்டேன் என்றுவிட்டார். ஆம்பூரில் அவரை டாக்டர் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

வைத்தியம் தொடங்கியது. முதல் வாரம் தீனி. தினம் கொள்ளு, கருப்பட்டி, நாலு முட்டை. ருஸ்தம் எல்லாவற்றையும் தின்றது. தின்றுவிட்டுத் தூங்கியது. எழுந்ததும் ஆபேலைப் பார்த்தது, மறுபடியும் முட்டை வருமா என்று. குலாபி கிழக்கு மூலைக்குப் போனால் ருஸ்தம் மேற்கு மூலைக்குப் போகும். அவள் மேற்கே வந்தால் அது தெற்கே. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளையைத் தேடுவது மாதிரி ஆபேல் பிரம்போடு பின்னாலேயே ஓடுவார்.

"மட்டக்குதிரைன்னு சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க" என்றாள் பக்கத்து வீட்டு குர்ஷித், மதிலுக்கு மேலே தலையை நீட்டி. வண்டிக்காரர் சம்சாரம். குதிரை, மாடு இரண்டும் அவளுக்குப் பழக்கம். "நல்லா மட்டம் போடுது."

ஜெபகனி அடுப்படி ஜன்னலிலிருந்து நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் சொன்னாள்:

"ஏங்க, அது அந்தப் பெட்டையப் பாத்துப் பயப்படல. உங்களப் பாத்துதான் பயப்படுது."

"என்னையா?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதுகிட்ட போய் மோந்து பாக்குது. சாயங்காலம் உங்க கோட்டு தெரிஞ்சா, செவுத்தோட ஒட்டிக்குது. அந்தக் கோட்டையும் பிரம்பையும் உள்ள வச்சிட்டு வேட்டியோட போய் நில்லுங்க."

"கோட்டைக் கழட்டிட்டா நான் யாருன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிய வேணாம்னுதான் சொல்றேன்."

ஆபேலுக்குப் புரியவில்லை. குதிரைக்கு வைத்தியம் செய்பவர் யார் என்று குதிரைக்கே தெரியாவிட்டால் அது என்ன வைத்தியம்? அன்று அவர் நெடுநேரம் யோசித்து வேறு ஒரு காரணம் கண்டுபிடித்தார். உயரம்! குலாபி ஒரு சாண் அதிக உயரம். பாவம், ருஸ்தமுக்குத் தாழ்வு மனப்பான்மை.

மறுநாள் செங்கல் இறக்கினார். இரண்டடி அகலம், நாலடி நீளம், ஒரு சாண் உயரத்துக்கு மேடை கட்டினார். பூசி, காய்ந்ததும் குலாபியை முன்னால் கட்டினார். ருஸ்தமைக் கயிற்றைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்.

ருஸ்தம் மேடையைப் பார்த்தது. ஆபேலின் கோட்டைப் பார்த்தது. பிரம்பைப் பார்த்தது. நாலு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அதன் மூளையில் சடாரென்று விழித்தது. ஒரே தாவலில் மேடைமேல் ஏறி, தலையைத் தூக்கி, வலது முன்னங்காலை நெற்றி வரைக்கும் உயர்த்தி ஒரு சலாம் வைத்தது.

"அல்லாவே!" என்றாள் மதில்மேல் குர்ஷித்.

"முன்னாடி போ! முன்னாடி!" என்று ஆபேல் பிரம்பை நீட்டினார். ருஸ்தம் பம்பரமாக இடப்பக்கம் மூன்று சுற்று சுற்றியது. பிரம்பை இறக்கினார். நாய் மாதிரி உட்கார்ந்தது. பதறிப் போய்ப் பிரம்பை உயர்த்தினார். பின்னங்கால்களில் எழுந்து நின்றது. ஒரு நிமிஷம் ஆபேலுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ருஸ்தம் குலாபிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதில்மேல் இருந்த குர்ஷித்தைப் பார்த்து இரண்டு முன்னங்காலையும் சேர்த்துக் கும்பிட்டது.

குர்ஷித் கைதட்டினாள். தெருவில் போனவர்களும் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் ருஸ்தம் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. குலாபி கொட்டாவி விட்டாள்.

இரண்டு நாள் ஆபேல் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ஜெபகனி காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று குலாபி விடிந்ததிலிருந்து ஒரு நிலையில் இல்லை. வாலை ஒதுக்குவதும், ருஸ்தம் பக்கம் திரும்பிக் கனைப்பதுமாக இருந்தாள். ஜெபகனி அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"ஏங்க, அந்த சர்க்கஸ் ஆளுங்க யாராச்சும் அரக்கோணத்துல இருப்பாங்க இல்ல? நேர்ல போய் விசாரிச்சா இன்னா? உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க கேட்டாத்தான் சொல்லுவாங்க."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஆபேல் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினார். கோட்டோடுதான்.

அரக்கோணத்தில் ஒரு நாள் முழுக்க அலைந்து, இரண்டாம் நாள் ஒருவனைப் பிடித்தார். பெயர் ஜான் பாஷா. சர்க்கஸில் குதிரைக்குத் தண்ணி காட்டினவன். இப்போது ஸ்டேஷன் வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஆபேலைப் பார்த்ததும் கையிலிருந்த டீ பாதி சிந்திவிட்டது.

"யா அல்லா! ஒரு நிமிசம் எங்க ரிங் மாஸ்டரே வந்துட்டாருன்னு பயந்துட்டேன், சார். இதே கோட்டு. இதே பட்டன். இதே பிரம்பு!"

"அப்படியா?" ஆபேல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "ருஸ்தம்னு ஒரு குள்ளக் குதிரை இருந்துச்சே..."

"இல்லாம? தங்கமான குதிரை சார். ஆனா பாவம். ஷோவுல பொட்டைக் குதிரைங்களும் ஓடுமில்ல? அது ஒரு கனைப்பு கனைச்சாப் போதும், அந்த மாஸ்டர் வெளு வெளுன்னு வெளுத்துடுவாரு. ரெண்டு வருசம் அப்பிடி. அப்புறம் ஆளுங்க பக்கத்துல இருந்தாவே அதுக்குப் பயம்; அந்தக் கோட்டைப் பாத்துட்டா, பொட்டை இருக்கற பக்கம் தலைய வச்சுப் படுக்காது."

ஆபேல் இதை வாலாஜா ரோடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். ரிங் மாஸ்டர் கோட்டு. தன் கோட்டு. குதிரை பயப்படுகிறது. அதாவது, மரியாதை. அப்படியானால் அதிகாரம் உள்ளவர் யார் என்று அதற்கு நன்றாகவே தெரிகிறது. அதாவது... இதற்குமேல் யோசனை ஓடவில்லை. எங்கேயோ ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் எல்லாமே ஒரு மாதிரியாக இருந்தது. கொல்லை நடுவில் புதிதாக ஒரு பள்ளம். ஒரு சாண் ஆழம். சுற்றிலும் மண் மிதிபட்டுக் கிடந்தது. குலாபி ஒரு பக்கம் சாந்தமாகப் புல் மேய்ந்தாள். ருஸ்தம் அவளுக்குப் பக்கத்திலேயே, கழுத்தோடு கழுத்தை உரசிக்கொண்டு நின்றது. கோட்டைப் பார்த்ததும் கொஞ்சம் விலகியது. ஆனால் ஓடவில்லை. குர்ஷித் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, ஆபேலைப் பார்த்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள்.

"இன்னா பள்ளம் இது?"

"வாழைக்கன்னு வைக்கலாம்னு நானும் குர்ஷித்தும் வெட்டினோம்."

"கன்னு எங்க?"

"இப்ப வேணாம்னு விட்டுட்டோம்."

"ஏன்?"

"காரியம்... காலம் சரியில்ல. போய்க் குளிங்க, வெந்நீர் காயுது."

ஒரு வாரம் கழித்து அதிசயம் நடந்தது. ருஸ்தம் கனைத்தது! கோட்டுக்கு எதிரிலேயே! பிடரியைச் சிலுப்பிக்கொண்டு குலாபியைச் சுற்றி வந்தது. ஆபேல் மிஷன் காம்பவுண்டு வரைக்கும் நடந்து போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். "பாத்தியா ஜெபா? நான் ஊருக்குப் போய் வந்ததே அதுக்கு ஒரு மருந்தா ஆயிருச்சு."

"அது வாஸ்தவந்தாங்க" என்றாள் ஜெபகனி.

ஆனால் இப்போது குலாபி மாறிவிட்டாள். முன்பு வாலை ஒதுக்கி நின்றவள், ருஸ்தம் கிட்டே வந்தால் காதை மடித்துக்கொண்டு இரண்டு பின்னங்காலாலும் உதைத்தாள். ஆபேலுக்குத் தலை சுற்றியது. அவன் மாட்டேன் என்றபோது இவள் சரி என்றாள். அவன் சரி என்கிறபோது இவள் மாட்டேன் என்கிறாள். வைத்தியம் இப்போது குலாபிக்குத் திரும்பியது. முட்டை அவளுக்கு. கருப்பட்டி அவளுக்கு. "பெட்டைக்கு நல்லாக் குடுங்க, ரெண்டு பங்காக் குடுங்க" என்று ஜெபகனி அதற்கு மட்டும் தடை சொல்லவில்லை.

நயீம் அகமது வாரம் ஒரு தடவை ஆள் அனுப்பி விசாரித்தார். "எவ்ளோ தூரம்னு கேக்கச் சொன்னாரு, டாக்டர் சாப்."

"கிட்டத்துல வந்தாச்சுன்னு சொல்லு."

கிட்டத்தில் வந்தது நாள்தான். ஐம்பத்தாறாம் நாள் ஆபேல் தானே குலாபியைக் கட்டிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று ருஸ்தமைக் கிட்டே கூப்பிட்டார். குலாபி உதைத்தாள். ருஸ்தம் பழக்கப்பட்டது, நகர்ந்துகொண்டது. ஆபேல் பழக்கப்படாதவர். இடது தொடையில் குளம்பு அச்சாக விழுந்தது.

ஜெபகனி தைலம் தேய்த்துவிட்டாள். ஆபேல் குப்புறப் படுத்துக்கொண்டு தலையணையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"ஜெபா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தக் குதிரைங்க ரெஸ்ட்டுக்கு வரல."

"அப்பிடியா?"

"சேத்து வைக்கறதுக்கு வந்துச்சுங்க. விஷாரத்துல பத்துப் பேர் முன்னாடி சபதம் பண்ணிட்டேன். இன்னும் நாலு நாள். ஆவலன்னா, அத்தனை பேரும் என்னைக் கம்பவுண்டர்னு கூப்பிடுவானுங்க."

"நீங்க கம்பவுண்டர்தானே?"

"அதனாலதாண்டி வலிக்குது!"

அந்தக் குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது. தைலம் தேய்த்த கை ஒரு கணம் நின்றது. ஜெபகனிக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பதினாலு வருஷம் பிரசவ வார்டில் இருந்தவள். எந்த நேரத்தில் பிடியைத் தளர்த்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? உன்னால ஆவுமா?"

"சாயபு வந்து, 'சரி, ஏற்பாடு முடிஞ்சிருச்சு'ன்னு அவர் வாயாலயே சொல்லணும். அவ்ளோதானே? நான் பொறுப்பு."

ஆபேல் நொண்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். "அது மட்டும் நடந்துதுன்னா, நீ இன்னா கேட்டாலும் செய்யறேன்."

"ஆம்பூர்."

ஆபேல் சுவரைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். "ஆம்பூர்" என்றார்.

ஜெபகனி பீரோவைத் திறந்து இரண்டு காகிதம் எடுத்தாள். ஒன்று மிஷனுக்குச் சம்மதக் கடிதம். இன்னொன்று ஆபேலை ஆம்பூர் மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றும்படி மனு. முத்து முத்தான எழுத்து. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. இது எப்போது எழுதினாள் என்று ஆபேலுக்குக் குழப்பமாக இருந்தது. இருந்தாலும் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து இரண்டிலும் போட்டார். ஜெபகனி ஊதி ஊதிக் காயவைத்து, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி, இப்ப குலாபிக்கு இன்னா மருந்து?" என்றார் ஆபேல்.

"ஒண்ணும் வேணாம். அது ஒன்றரை மாசமா சினையா இருக்கு."

ஆபேல் வாயைத் திறந்தார். திறந்தபடியே கொல்லைப் பக்கம் திரும்பிக் குலாபியைப் பார்த்தார்.

"நீங்க அரக்கோணம் போன அன்னிக்கே. நானும் குர்ஷித்தும் பெட்டையப் பள்ளத்துல எறக்கி நிறுத்தினோம், கயிறை அவுத்து விட்டோம், உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டோம். அவ்ளோதான். அதுக்கப்புறம் ரெண்டு பருவம் தப்பிருச்சு. சினையான பெட்டை உதைக்காம இன்னா பண்ணும்?"

"அப்ப நான் ஒன்றரை மாசமா..."

"நல்ல தீனி குடுத்தீங்க. குட்டிக்கு நல்லதுதானே?"

அறுபதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து நயீம் அகமது வந்தார். பின்னால் இரண்டு மாட்டு வண்டி. ஆபேல் கோட்டின் ஆறு பொத்தானையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தொடை வலித்தாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சாயபு குலாபியைப் பார்க்கக்கூட இல்லை. "நர்ஸம்மா சினைன்னு சொன்னா சினைதான். என் ஆறு பிள்ளைங்களும் அவங்க கையில பொறந்ததுதானே? சபதத்த ஜெயிச்சிட்டீங்க, டாக்டர் சாப்!" என்று கட்டித் தழுவினார். தெருவே பார்த்தது. ஆபேலுக்குக் கண் கலங்கியது. ஆம்பூராவது ஒன்றாவது, இந்த ஒரு நிமிஷம் போதும்.

"குதிரைங்கள ஏத்தறதுக்கு ரெண்டு வண்டி எதுக்கு சாயபு? நடத்தியே ஓட்டிட்டுப் போயிரலாமே?"

"குதிரைங்க நடந்துதான் போவும். வண்டி உங்க வீட்டு சாமானுக்கு. ஆம்பூர்ல வீடு ரெடி. உங்க மாத்தலுக்கும் மேல சொல்லி வச்சாச்சு."

ஆபேல் சிரித்தார். "அதுக்குள்ளயா? நாலு நாள் முன்னாடிதான் நான் ஒத்துக்கிட்டேன். வீடு பாக்கணும், வெள்ளையடிக்கணும், அது காயணும்..."

நயீம் அகமது ஜெபகனியைப் பார்த்தார். ஜெபகனி மாட்டு வண்டியைப் பார்த்தாள்.

"வெள்ளையடிச்சு இருபது நாளாச்சு, டாக்டர் சாப்" என்றார் நயீம் அகமது. "செவுரு அன்னிக்கே காஞ்சிருச்சு. உங்க கையெழுத்து காயறதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்."